மாஸ்டர் என் கையில் வைத்த அரசி



இது மறையுரை அன்று. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, "சுவாமி, இந்த வயதில உங்களுக்கு எதற்குச் சதுரங்கம்? எப்ப பார்த்தாலும் போனில குதிரையை நகர்த்திக்கொண்டு நிக்கிறீங்கள்" என்று ஒரு சகோதரி சிரித்தபடி கேட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அறைக்குத் திரும்பிய பின்புதான், அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றிற்று. அந்தப் பதில் சற்று நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள்.

உங்களில் பலர் மாஸ்டரை அறிவீர்கள். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பிள்ளைகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒரு பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர். போர் துரத்த, குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்கு வந்து, உணவகமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவி ஓய்வுபெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாரிசவாதம் அவரைத் தாக்கியது. வலக்கை வழங்காமற் போனது. அதனினும் கொடியது, சொற்கள் போய்விட்டன. நாம் சொல்வதை விளங்கிக்கொள்கிறார். பதில் சொல்ல வாய் திறந்தால் சொல் வருவதில்லை. அரைகுறையாகத் தெரிந்திருந்த ஜெர்மன் மொழி முற்றாக அகன்றது. தமிழில் எஞ்சியவை மூன்று சொற்கள்: "ஓம்", "இல்லை", "சுவாமி".

இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தாதியர் அன்பானவர்கள், ஆனால் எவருக்கும் தமிழ் தெரியாது. பிள்ளைகள் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள். வார இறுதியில் வருவார்கள். நான் செவ்வாய்க்கிழமைகளில் நற்கருணை கொண்டு செல்வேன். செபம் முடிந்ததும் பத்து நிமிடம் அமர்ந்து, ஊர்ச் செய்தி, காலநிலை என்று நானே பேசி, நானே சிரித்து, பின்பு கடிகாரத்தைப் பார்ப்பேன். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அவரும் பார்ப்பார்.

ஒருநாள் அவரைச் சக்கர நாற்காலியில் பொதுக்கூடத்துக்குத் தள்ளிச் சென்றபோது, அலமாரியில் இருந்த சதுரங்கப் பலகையை இடக்கையால் சுட்டிக்காட்டினார். எடுத்து மேசையில் வைத்தேன். ஒற்றைக் கையால் முப்பத்திரண்டு காய்களையும் அதனதன் இடத்தில் பிழையின்றி அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "சுவாமி" என்றார்.

என் சதுரங்க அறிவைப்பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். 1980களில் நான் குருமடத்தில் இருந்தபோது, ஊரடங்கும் மின்வெட்டுமான மாலைகளில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் விளையாடியிருக்கிறோம். எங்கள் பலகையில் ஒரு கோட்டை தொலைந்துவிட்டதால், போத்தல் மூடியொன்று ஆண்டுக்கணக்கில் அந்தப் பதவியை வகித்தது. காய்கள் எப்படி நகரும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மூலைவிட்டமாகச் செல்லும் காயை நாங்கள் மந்திரி என்போம். ஆங்கிலேயர் அதனை ஆயர் என்கிறார்கள். இங்குள்ள ஜெர்மன் மொழியிலோ அதற்கு ஓட்டக்காரன் என்று பெயர். மந்திரியோ, ஆயரோ, ஓட்டக்காரனோ, என் கையில் அகப்பட்டால் பத்தாவது நகர்வுக்குள் அது பலகையைவிட்டு வெளியேறிவிடும்.

மாஸ்டர் என்னை இருபது நகர்வுகளில் தோற்கடித்தார். மறுவாரமும் அவ்வாறே. தண்ணீர் வேண்டும் என்று கேட்கச் சொல் கிடைக்காத மனிதர், மூன்று நகர்வுகளுக்கு அப்பால் வரவிருக்கும் முடிவைக் கண்டு காயை வைத்தார். மொழி வெளியேறிய வீட்டில் கணக்கு அப்படியே குடியிருந்தது. அந்த அரைமணி நேரம் அவர் நோயாளி அல்லர், ஆசிரியர்.

ஆறாவது வாரமளவில் அது நடந்தது. அன்று அவர் களைத்திருந்தார். தம் அரசியை எடுத்து, என் காலாள் ஒன்று வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்துவிட்டார். நான் அதைக் கண்டேன். 'பாவம், நோயாளி' என்று எண்ணி, காணாதவன்போல வேறொரு காயை நகர்த்தினேன். அவர் தம் காயைத் தொடவில்லை. பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை அரசியின் மேல் வைத்தார். அங்கிருந்து என் காலாளுக்குக் கொண்டுவந்தார். "இல்லை" என்றார். நான் விளங்காததுபோல் நடித்தேன். அவர் அரசியை இடக்கையால் எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

ஆட்டத்தைத் தொடர்ந்தோம். அரசி இல்லாத அவரிடமும் நான் தோற்றேன்.

அடுத்த செவ்வாய் நான் பலகையை எடுத்தபோது, அவர் "இல்லை" என்று சொல்லி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் இரக்கத்தையும் என் அறியாமையையும் அவர் ஒரே நாளில் அளந்துவிட்டார். ஒரு மனிதருக்கு எஞ்சியிருந்த ஒரே உரையாடல் அது. அதிலும் நான் பொய் பேசியிருந்தேன். அன்று தொடருந்தில் திரும்பும்போது முடிவெடுத்தேன்: அவருக்கு எதிரே அமரத் தகுந்தவனாக ஆகவேண்டும்.

முதலில் செய்தது தவறான முயற்சி. லிச்செஸ் என்ற இணையத்தளம் இருக்கிறது, நன்கொடையால் நடப்பது, விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. அதில் ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டங்களை இரவு ஒரு மணிவரை விளையாடினேன். தோற்றால் ஆத்திரத்தில் இன்னொன்று. வென்றால் மகிழ்ச்சியில் இன்னொன்று. இரண்டு மாதங்களில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். தரப்புள்ளி 1050இல் தொடங்கியது, 1050இலேயே நின்றது. காலைத் திருப்பலியில் கொட்டாவி வந்ததுதான் மிச்சம். மூன்று நிமிடத்தில் சிந்திக்க நேரமில்லை. கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கை செய்யும். நான் சதுரங்கத்தைப் பழகவில்லை. என் பிழைகளைப் பழகினேன்.

வழிகாட்டியவள் நம் பங்கின் பீடச் சிறுமி, பதினொரு வயது, இங்குள்ள சங்கமொன்றில் விளையாடுகிறாள். மண்டபத்தில் அவளிடம் இரண்டு முறை தோற்றபின், "நான் என்ன பிழை விடுகிறேன், பிள்ளை?" என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல் சொன்னாள்: "ஃபாதர், நீங்கள் உங்கட காயை மட்டும்தான் பார்க்கிறீங்கள்."

அதன்பின் என் ஆட்டங்களைக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். 30 ஆட்டங்கள் சேர்ந்ததும், கணினியிடம் கேட்காமல் முதலில் நானே ஒவ்வொன்றையும் பலகையில் அடுக்கிப் பார்த்தேன். 19 தோல்விகள். அவற்றில் 14 தோல்விகளுக்குக் காரணம் ஆழமான தந்திரம் எதுவுமன்று; பாதுகாப்பில்லாத கட்டத்தில் காயை விட்டுவிட்டு, எதிராளி அதை வெட்டிய பின் திகைத்ததுதான். எனக்குத் தேவைப்பட்டது மேதைமை அன்று, கவனம்.

ஆகவே மூன்று காரியங்களை ஒழுங்காகச் செய்யலானேன். புதிதாகத் தொடங்க விரும்புவோருக்கும் அவை உதவும்.

முதலாவது, மெதுவாக விளையாடுதல். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் மேலதிகமாக 10 வினாடி. நாளுக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொரு முறையும் காயைத் தொடுமுன் எதிராளியின் பக்கமிருந்து மூன்று கேள்விகள்: அவர் என் அரசனுக்குச் 'செக்' சொல்ல முடியுமா? என் காய் எதையாவது வெட்ட முடியுமா? அடுத்ததாக எதை அச்சுறுத்துகிறார்? இவற்றுக்கு விடை கண்டபிறகே என் திட்டம். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது போட்டி விதி. எனவே சிந்திக்கும் வரை வலக்கையைத் தொடையின் கீழ் வைத்து அமர்ந்தேன். நகைப்பாக இருக்கும், பயன் தந்தது.

இரண்டாவது, சிறு புதிர்கள். காலையில் கால்மணி நேரம். கடினமானவை அல்ல, ஓரிரு நகர்வில் முடிபவை. ஒரே குதிரை அரசனையும் அரசியையும் ஒரே வேளையில் தாக்குவது. அரசனுக்கு முன்னால் நிற்கும் காய் அசையமுடியாமல் கட்டுண்டு கிடப்பது. மூன்று காலாட்களின் பின்னால் பாதுகாப்பாக ஒளிந்திருப்பதாக எண்ணும் அரசனை, கடைசி வரிசைக்கு வரும் ஒரு கோட்டை மூச்சுவிட வழியின்றி முடிப்பது. புதிதுபுதிதாகத் தேடாமல், ஏறத்தாழ இருநூறு புதிர்களையே திரும்பத் திரும்பச் செய்தேன். வாய்ப்பாடு மனனம் செய்த தலைமுறை அல்லவா நாம்? சில மாதங்களில், கணக்கிடாமலே கண் அவற்றை அடையாளம் காணத் தொடங்கியது.

மூன்றாவது, முடிவாட்டம். பெரும்பாலோர் தொடக்க நகர்வுகளை மனனம் செய்யத்தான் ஆசைப்படுவர். கியூபாவின் உலக வாகையர் கபபிளாங்காவோ 1921இல் வெளிவந்த தம் பாடநூலை, காய்கள் மிகக் குறைந்த எளிய முடிவுகளிலிருந்து தொடங்கினார். இரு அரசர்களும் ஒரே ஒரு காலாளும் மட்டும் எஞ்சிய பலகையை எண்ணிப்பாருங்கள். காலாள் கடைசி வரிசையை எட்டினால் அரசியாகிவிடும். இரு அரசர்களும் நடுவில் ஒரு கட்டம் மட்டும் இருக்க நேருக்கு நேர் நிற்கும்போது, நகரவேண்டிய முறை யாருடையதோ அவர்தான் வழிவிட்டாக வேண்டும். மற்றவருக்கு அதுவே வெற்றி, அல்லது தப்பிக்கும் வழி. சதுரங்கத்தில் 'நகராமல் இருத்தல்' என்ற சலுகை கிடையாது. இந்த ஒரு நுணுக்கம் பிடிபட எனக்கு ஒரு மாதம் சென்றது.

இத்தகைய எளிய முடிவாட்டம் எவ்வளவு பெரியது என்பதை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகம் பார்த்தது. சென்னையின் குகேஷ், வயது 18, சீனாவின் டிங் லிரெனுடன் உலகப் பட்டத்துக்கான பதினான்காவது, இறுதி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். ஒரு கோட்டை, ஒரு மந்திரி, சில காலாட்கள். சமநிலையில் முடியும் என்றே எல்லாரும் எண்ணினார்கள். 55ஆவது நகர்வில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கோட்டைகள் வெட்டுப்பட்டன; மந்திரிகளும் வெட்டுப்பட்டாக வேண்டிய நிலை. எஞ்சியது அரசர்களும் காலாட்களும் மட்டுமே. அந்த முடிவாட்டத்தில் தோல்வி உறுதி. 58ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. எதிராளி என்ன செய்யக்கூடும் என்ற கேள்வியை உலக வாகையரும் ஒரு கணம் தவறவிடலாம் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால், மன்னிப்பீர்கள்.

தொடக்க நகர்வுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அரசனுக்கு முன்னுள்ள காலாள், பிறகு குதிரை, பிறகு எதிராளியின் குதிரையை மிரட்டும் மந்திரி. அதற்கு ரூய் லோபெஸ் என்பவரின் பெயர் இடப்பட்டிருக்கிறது. அவர் ஸ்பெயின் நாட்டுக் குருவானவர். 1561இல் சதுரங்க நூலொன்றை வெளியிட்டவர். எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வைக்குமாறு அறிவுரை சொன்னவர் என்றும் அவரைப்பற்றிக் கூறுவார்கள். அந்த அறிவுரையை மட்டும் நான் பின்பற்றவில்லை.

"அறுபதைக் கடந்தபின் முன்னேற முடியுமா?" என்று கேட்பீர்கள். நாம் வாழும் இந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. சூரிச் நகரின் சதுரங்கச் சங்கம் 1809இல் தொடங்கப்பட்டது. இன்றும் இயங்குகின்ற சங்கங்களில் உலகிலேயே பழமையானது. சோவியத் நாட்டைவிட்டு 1976இல் வெளியேறி, பின்னர் சுவிட்சர்லாந்தைத் தாயகமாக்கிக்கொண்ட விக்டர் கோர்ச்னோய், 2011இல் தம் 80ஆவது வயதில் சுவிஸ் வாகையர் பட்டத்தை வென்றார். அதன்பின் பாரிசவாதம் அவரையும் தாக்கியது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி 2015இல் சூரிச்சில் ஜெர்மனியின் வொல்ப்காங் ஊல்மனுடன் நான்கு ஆட்டங்கள் ஆடி, 2-2 என்று சமன் செய்தார். இதை மாஸ்டரிடம் ஒருநாள் வாசித்துக் காட்டினேன். நாற்காலியின் கைப்பிடியை இடக்கையால் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆனால் நான் கோர்ச்னோய் அல்லன். தரப்புள்ளி 1200இல் ஐந்து மாதம் அசையாமல் நின்றது. இடையில் 80 புள்ளிகள் இறங்கி, பலகையை உள்ளே வைத்துவிடலாம் என்று எண்ணிய வாரமும் உண்டு. ஒன்றரை ஆண்டு கடந்த இன்று 1340. சங்கத்துக்குச் சென்றால் பாடசாலைப் பிள்ளைகளே என்னை வெல்வார்கள். இந்த விளையாட்டு மறதி நோயைத் தடுக்கும் என்றெல்லாம் நான் உங்களுக்கு வாக்குறுதி தரவில்லை. முந்தைய ஆண்டு செய்த அதே பிழையை இவ்வாண்டு குறைவாகச் செய்கிறேன். அவ்வளவே.

இனி மாஸ்டரிடம் வருகிறேன். அவர் முகம் திருப்பிய இரண்டு மாதங்களின் பின், கொப்பியோடு சென்றேன். அவரைக் கேளாமலே பலகையை விரித்து, அரசி என் கையில் வைக்கப்பட்ட அந்த நிலையை, நினைவில் நின்ற அளவில் அடுக்கினேன். காலாளால் அரசியை வெட்டினேன். "இதுதான் நான் செய்திருக்கவேண்டியது, மாஸ்டர். இதற்குப் பிறகு ஏன் தோற்றேன் என்றும் கண்டுபிடித்திருக்கிறேன்" என்று சொல்லி, என் அடுத்த நான்கு பிழைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்றாவதில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் சொன்ன திருத்தமும் பிழை. அதைவிடச் சிறந்த நகர்வைத் தாமே வைத்துக் காட்டினார். பிறகு, "ஓம்" என்றார். அன்றிலிருந்து மீண்டும் ஆடுகிறோம்.

இருபது நகர்வுகளில் முடிந்த ஆட்டங்கள் முப்பதாயின; நாற்பதாயின. இப்போது நான் அங்கே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க நேரமில்லை. சென்ற மாசி மாதம் ஒரு செவ்வாயன்று, அவரிடம் அரசனும் ஒரு காலாளும், என்னிடம் அரசன் மட்டும் எஞ்சின. முந்தைய மாதம் அதே நிலையில் பக்கவாட்டில் ஒதுங்கித் தோற்றிருந்தேன். இம்முறை நேராகப் பின்வாங்கினேன். அவர் அரசன் முன்னேறியதும் அதற்கு நேர் எதிரே வந்து நின்றேன். காலாள் ஒரு கட்டம் வந்தது. அதன் முன் நின்றேன். அவர் அரசன் அதன் பின்னால் வந்தது. எனக்கு நகர இடமில்லை. என் அரசன் மேல் தாக்குதலும் இல்லை. விதிப்படி ஆட்டம் சமன்.

அவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். எங்கேனும் நான் பெற்ற சலுகையா இது, அல்லது அவர் தந்த சலுகையா என்று நானும் அவரைப் பார்த்தேன். இல்லை, அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. பிறகு அவர் சிரித்தார். பாரிசவாதத்துக்குப் பின் அவர் வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும்; அன்று அது போதுமாயிருந்தது. இடக்கையை நீட்டினார். நானும் இடக்கையைக் கொடுத்தேன். உடனே காய்களை மீண்டும் அடுக்கத் தொடங்கிவிட்டார். சமன் செய்தவனைச் சும்மா விடுவதாக இல்லை. அடுத்த ஆட்டத்தில் தோற்றேன்.

அன்பிற்குரியவர்களே, அந்தச் சிறுமி சொன்னது பலகைக்கு மட்டும் உரியதன்று என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். என் அலுவலகத்துக்கு வந்து நீங்கள் பேசத் தொடங்கும்போதே, நீங்கள் முடிக்குமுன் என் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்த நாள்கள் பல. அங்கும் நான் என் காயை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவ்வாறு பாதிப் பேச்சோடு எழுந்துபோனவர்கள் இதை வாசித்தால், மீண்டும் ஒருமுறை வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மாஸ்டர் இருக்கும் இல்லத்திலும் அருகிலுள்ள இல்லங்களிலும் நம்மவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். நாம் போகிறோம், பழம் கொடுக்கிறோம், "சாப்பிட்டீங்களா, நித்திரை கொண்டீங்களா" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறோம், திரும்புகிறோம். அவர்களில் ஒருவர் ஊரில் கரம் விளையாட்டில் பெயரெடுத்தவர். ஓர் அம்மா 304 ஆடினால் ஆண்கள் சீட்டைக் கீழே வைத்துவிடுவார்களாம். அவர்களுக்கு ஆறுதல் சொல்வோர் போதிய அளவில் இருக்கிறோம், எதிராளிகள்தான் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் பெயரைத் தாருங்கள். பலகையும் சீட்டுக்கட்டும் நான் வாங்கித் தருகிறேன். சதுரங்கம் தெரியாதவர்களுக்கு அந்தச் சிறுமி கற்றுக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். ஆனால் கண்டிப்பானவள், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. தயவுசெய்து விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். அவர்கள் கண்டுகொள்வார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் மாஸ்டர் முன்பைவிட விரைவில் களைத்துவிடுகிறார். சில செவ்வாய்களில் பாதி ஆட்டத்தில் கண்ணயர்ந்துவிடுவார். அப்போது நான் காய்களைக் கலைப்பதில்லை. நிலையைக் கொப்பியில் குறித்துக்கொண்டு வருவேன். அடுத்த வாரம் அங்கிருந்தே தொடர்வோம். நாளை மறுநாளும் அப்படி ஓர் ஆட்டம் காத்திருக்கிறது. அவருடைய முறை, என் குதிரை சற்று ஆபத்தில் இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை